வினைமுதல் மறைந்த வாக்கியங்கள்: சிறுவர்க்கான சுற்றாடல் எழுத்தும் சல்லிக் கரையும்

ஈழத்துத் தமிழ் இலக்கியத் திறனாய்வு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் சமூகப் பின்னணியில் வைத்து ஆராய்ந்து வந்துள்ளது. வர்க்கம், சாதி, தேசிய இனம், பெண்நிலை ஆகிய பிரச்சினைகள் இலக்கியத்தில் எவ்வாறு தோற்றம் பெறுகின்றன என்பது பற்றி இன்று எம்மிடையே ஓரளவு தெளிவு உண்டு. எனினும், சிறுவர்க்காக எழுதப்படும் எழுத்து இத்தகைய ஆய்வுக்குப் பெரும்பாலும் உட்படுத்தப்படவில்லை. அது ஆசிரியர்களுக்குரிய விடயம் என்றோ, உளவியலாளர் கவனிக்க வேண்டியது என்றோ ஒதுக்கப்பட்டுள்ளது. அதிலும், வனவிலங்கு, சுற்றாடல், ஆரோக்கிய வாழ்வு ஆகியன பற்றிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடல்களும் கதைகளும் பாடங்களும் 'நல்ல விடயங்கள்' என்ற காரணத்தினாலேயே விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவையாக நிற்கின்றன. மரம் நடுமாறு கூறும் பாடலை யார்தான் எதிர்ப்பர்? விமர்சனம் தொடங்க வேண்டிய இடம் இதுவே என்பது எமது கருத்து. யாராலும் மறுக்க முடியாதவையாகத் தோன்றும் கூற்றுகளிலேயே ஒரு சமூகத்தின் கருத்துநிலை ஆழமாக வேர்கொண்டிருக்கும்.

எமது ஆய்வு பொதுப்படையான கூற்றுகளாக முடிந்துவிடாதிருக்கும்பொருட்டு ஓர் ஊரை மனத்திற் கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறோம். திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளியை அடுத்து, சாம்பல்தீவுப் பகுதியில் அமைந்துள்ள கடற்கரைக் கிராமம் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலும் கடற்றொழிலும் அவ்வூரின் அடையாளங்கள். அதற்கு வடக்கே நிலாவெளிக் கரையில் உல்லாச விடுதிகளும், அக்கரைக்கு அப்பால் கடலில் புறாத்தீவும் உள்ளன. தெற்கே, பிரெட்ரிக் கோட்டையிலும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் திரிகின்றன. அதற்கும் அப்பால் உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகமும், சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களும், கோதுமை மா ஆலையும் இருக்கின்றன. காட்டு விலங்கு, கடல், உணவு, கைத்தொழில் ஆகிய யாவும் ஒரு பிள்ளையின் ஒருநாட் பயணத் தொலைவுக்குள் அடங்கும் இடம் இது. சுற்றாடற் கல்விக்கு இதைவிடச் சிறந்த வகுப்பறை இலங்கையில் அரிது. அவ்வகுப்பறையில் எமது எழுத்து எதைக் கற்பிக்கின்றது என்பதே வினா.

1

தமிழில் சிறுவர் எழுத்தினுள் விலங்கு மூன்று நிலைகளில் வந்து சேர்ந்துள்ளது எனலாம்.

முதலாவது, முகமூடியாகும். பஞ்சதந்திரக் கதைகளிலும் ஈசாப்புக் கதைகளிலும் வரும் சிங்கமும் நரியும் காகமும் விலங்குகளல்ல, அவை மனிதரே. சிங்கம் அரசன், நரி அமைச்சன், முயல் அறிவுள்ள குடிமகன். இக்கதைகள் பிள்ளைகளுக்கு இயற்கையைக் கற்பிப்பனவல்ல, அதிகாரத்தைக் கற்பிப்பன. அவ்வகையில் அவை வெளிப்படையானவை என்றே கூற வேண்டும்.

இரண்டாவது, காட்சிப்பொருளாகும். அரிச்சுவடியில் ஒகரத்துக்கு ஒட்டகம் வருகின்றது. சிங்கமும் புலியும் ஓநாயும் படங்களாக அணிவகுக்கின்றன. இவற்றுள் ஒன்றேனும் இலங்கைக் காடுகளில் வாழ்வதில்லை. இங்குள்ள பெரும் பூனையினம் சிறுத்தையே. பிற நாட்டு விலங்குகளைப் பிள்ளைகள் அறியலாகாது என நாம் கூறவில்லை. ஆனால், ஓகாரத்துக்கு ஓங்கில் என்ற சொல் கையெட்டும் தூரத்தில் இருக்க, திருகோணமலைக் கடலில் அவ்வுயிரினம் கூட்டங்கூட்டமாகத் துள்ளித் திரிய, அச்சொல் அரிச்சுவடியில் இடம்பெறாமற் போனது தற்செயலானதன்று. நூலில் உள்ளதே அறிவு, கரையில் உள்ளது வெறும் பிழைப்பு என்ற பிரிவினை முதல் எழுத்திலேயே தொடங்கிவிடுகின்றது.

மூன்றாவது, பலியாளாகும். கடந்த சில தசாப்தங்களில் பெருகியுள்ள சுற்றாடற் பாடல்களிலும் கதைகளிலும் யானை அழுகின்றது, மரம் மன்றாடுகின்றது, கடலாமை 'என்னைக் காப்பாற்று' எனக் கேட்கின்றது. அழுகுரலைக் கேட்கும் பிள்ளை மனம் நெகிழ்கின்றது. நெகிழ்ச்சி தவறானதன்று. ஆயின், யானையின் துயரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்நெகிழ்ச்சியிலேயே கரைந்துபோகின்றது.

இம்மூன்றுக்கும் வெளியே நிற்கும் ஆக்கங்கள் எம்மிடம் இல்லாமலில்லை. 1915இல் பாரதி எழுதிய 'பாப்பா பாட்டு' குருவியையும் கோழியையும் காக்கையையும் பசுவையும் பிள்ளையின் அயலவராகக் காட்டுகின்றது; அதே பாட்டில் சாதி மறுப்பும் வருகின்றது. உயிரிரக்கமும் சமூக நீதியும் ஒரே மூச்சில் சொல்லப்படக்கூடியவை என்பதற்கு அதுவே சான்று. ஈழத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்களில் கத்தரித் தோட்டமும் அதைக் காக்கும் வெருளியும் வருகின்றன. ஆடிப்பிறப்பின் கூழும் கொழுக்கட்டையும் வருகின்றன. அங்கே இயற்கை என்பது உழைப்பாலும் உணவாலும் மனிதரோடு பிணைந்தது. புலவரின் உலகம் வடபுலத்து விவசாயக் குடும்பத்தின் உலகம்; அதன் சாதி எல்லைகளை அவர் கடந்தார் என நாம் கூறமாட்டோம். இருந்தும், தோட்டத்தைக் காட்டியவர் அங்கு நடைபெறும் தொழிலையும் காட்டினார். பின்வந்த சுற்றாடல் எழுத்து இழந்தது இதனையே.

2

இவ்விழப்பை அறிவதற்கு இலக்கணமே சிறந்த கருவி. எந்தவொரு நூலையும் தனித்துச் சுட்டாமல், இவ்வகை எழுத்தில் மீளமீள வரும் வாக்கிய அமைப்புகளை மட்டும் நோக்குவோம்.

'காடுகள் அழிக்கப்படுகின்றன' என்பது செயப்பாட்டுவினை வாக்கியம். அழிப்பவர் யார் எனச் சொல்லாமலே அது நிறைவு பெற்றுவிடுகின்றது. 'கடல் மாசடைகின்றது' என்பதோ தன்வினை. கடல் தன்னைத்தானே மாசாக்கிக்கொள்வது போன்ற தோற்றத்தை அது தருகின்றது. 'உயிரினங்கள் அருகி வருகின்றன' என்பதும் அவ்வாறே. அழிவைப் பேசும் வாக்கியங்களில் வினைமுதல் இல்லை. அடுத்து அறிவுரை வருகின்றது: 'குப்பை போடாதே', 'மரம் நடு', 'நீரை வீணாக்காதே'. இவை ஏவல்வினைகள். ஏவலின் தோன்றா எழுவாய் 'நீ'. அதாவது, புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளை.

இவ்விரு அமைப்புகளையும் சேர்த்து வாசித்தால் அவற்றின் கருத்துநிலை வெளிப்படுகின்றது. உலகம் அழிவதற்கு யாரும் காரணரல்லர். அதைக் காப்பதற்குப் பிள்ளையே பொறுப்பாளி. சமூக உறவுகளால் விளைந்த ஒன்று தனிமனித ஒழுக்கத்தின் பிரச்சினையாக மாற்றப்படுகின்றது. இது எழுத்தாளரின் தீய நோக்கத்தால் நேர்வதன்று. அவர்களுட் பலர் நல்ல உள்ளம் படைத்தவர்கள். தமது ஓய்வு நேரத்தையும் சொந்தப் பணத்தையும் செலவிட்டு நூல் வெளியிடுபவர்கள். ஆனால், கருத்துநிலை செயற்படுவதற்குத் தீய நோக்கம் தேவையில்லை. வழக்கமான வாக்கியமே போதுமானது.

திருகோணமலைத் தெருவில் புள்ளிமான் பொலித்தீன் தின்கின்றது. அதனால் மான்கள் இறப்பதுமுண்டு. இதைக் காணும் பிள்ளைக்கு 'பொலித்தீனை வீசாதே' எனக் கற்பிக்கிறோம். கற்பிக்க வேண்டியதுதான். ஆயினும், உணவைச் சுற்றும் பொலித்தீன் தாளின் உற்பத்தியும் விற்பனையும் இலங்கையில் 2017 செப்டெம்பரில் சட்டத்தால் தடை செய்யப்பட்டதையும், அத்தடையை நடைமுறைப்படுத்துவது எவ்வளவு கடினமாயிற்று என்பதையும் அதே பிள்ளைக்கு யார் சொல்வர்? பொலித்தீன் தெருவுக்கு வருமுன் ஆலையொன்றில் பிறக்கின்றது. ஆலைக்கு உரிமையாளர் உண்டு. உரிமையாளருக்கு இலாபம் உண்டு. இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் பிள்ளையே எம் பாடல்களின் முதற் குற்றவாளி.

ஒப்பீட்டுக்கு ஒரு தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பாலான கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையை மூடின, மீன்பிடி தடைப்பட்டது, இறந்த ஆமைகளும் ஓங்கில்களும் கரையொதுங்கின. 2025 ஜூலையில் இலங்கையின் உயர் நீதிமன்றம் கப்பலுக்குரிய நிறுவனத்தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இழப்பீடு முழுமையாகக் கைக்கு வருமா என்பது வேறு விடயம். எமக்கு இங்கு முக்கியமானது அத்தீர்ப்பின் இலக்கணம். அதில் வினைமுதல் உண்டு. 'கடல் மாசடைந்தது' என்று அது கூறவில்லை. மாசுபடுத்தியவர் யாரென்று கூறுகின்றது. நீதிமன்றம் எழுதத் துணிந்த வாக்கியத்தைச் சிறுவர் நூல் எழுதத் தயங்குவதேன்?

3

சல்லியைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். தகப்பன் கரைவலை இழுப்பவர். பாடசாலைக்குச் செல்லுமுன்பே அவள் வாடைக்கும் கச்சானுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவாள். வாடை வீசும் மாதங்களில் கடல் சீறும், வீட்டில் கடன் ஏறும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டு நீரிற் குத்தினால் அங்கே மீன் திரளுகின்றது என்பதையும், சூடைக்கும் நெத்தலிக்கும் வெவ்வேறு வலைக்கண் வேண்டும் என்பதையும் அவள் கேட்டு வளர்ந்தவள். இது அறிவு, தலைமுறை தலைமுறையாக உழைப்பின் மூலம் திரட்டப்பட்ட இயற்கை விஞ்ஞானம்.

பாடசாலையில் அவளுக்குச் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடம் உண்டு. 1990களின் இறுதியில் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தோடு வந்த இப்பாடத்தின் நோக்கம் உண்மையில் முற்போக்கானது. பிள்ளை தன் சூழலைத் தானே நோக்கி, தொட்டு, செய்து கற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆனால், ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற வாசலுக்குள் நுழைந்ததும் 'செயற்பாடு' என்ற சொல் பொருளிழக்கின்றது. தேசிய மரம் நாகமரம், தேசியப் பறவை காட்டுக்கோழி என்பன போன்ற விடைகளின் திரட்டாக அது சுருங்குகின்றது. மாலை வகுப்புக்குப் பணம் கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கடலைப் பாராமலே கடல் பற்றிய வினாவுக்கு விடை எழுதுகின்றது. கடலோடு வாழும் சல்லிச் சிறுமியின் அறிவுக்கு வினாத்தாளில் இடமில்லை. சுற்றாடலை நன்கறிந்தவள் சுற்றாடற் பாடத்தில் பின்தங்குகிறாள். இம்முரண்பாட்டை விளக்க வர்க்கம் என்ற கருத்தாக்கம் இன்றி முடியாது.

இயற்கை பற்றிச் சிறுவர்க்குச் சொல்வது உயிர்மரணப் பிரச்சினையாகவும் அமையலாம் என்பதைச் சல்லிக் கரை அறியும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோள் இலங்கையில் 30,000க்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. திருகோணமலையின் கரையோரக் கிராமங்கள் பெருஞ்சேதமடைந்தன. அன்று அலைகளுக்கிடையே கடல் பின்வாங்கியபோது, வெளித்தெரிந்த கடலடியைப் பார்க்கச் சென்றவர்கள் இலங்கைக் கரைகளில் பலர். அதே நாளில், இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் வேறொன்று நிகழ்ந்தது. நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த அத்தீவில் ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்தனர். இறந்தவர்கள் 7 பேர். 1907இல் அங்கு வந்த கடற்கோளின் நினைவு 'சிமோங்' என்ற ஒரு சொல்லில் நிலைத்திருந்தது. நிலம் பெரிதாக நடுங்கி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை அத்தீவின் தாய்மார் தாலாட்டிலும் பாட்டிகள் கதையிலும் பாடியும் சொல்லியும் வந்தனர். இயற்கை பற்றிய சிறுவர் இலக்கியத்தின் உச்சமாக இத்தாலாட்டையே நாம் கருதுகிறோம். அதில் அழும் விலங்கு இல்லை. 'இயற்கையை நேசி' என்ற அறிவுரை இல்லை. ஒரு சமூகம் தான் பட்டறிந்ததைத் தன் பிள்ளையின் செவியில் வைத்தது. அவ்வளவே. அது போதுமானதாயிற்று.

கடற்கோளுக்குப் பின் நிகழ்ந்ததும் பாடத்துக்குரியதே. 2005இல் அரசாங்கம் தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றரும், வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றரும் கொண்ட கட்டடத் தடை வலயத்தை அறிவித்தது. மீனவர் குடிசைக்குப் பொருந்திய அவ்விதியிலிருந்து சுற்றுலா விடுதிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது தளர்த்தப்பட்டது. 'கடற்கரையைப் பாதுகாப்போம்' என்ற ஒரே வாசகம் வள்ளம் வைத்திருப்பவருக்கு ஒரு பொருளும் விடுதி வைத்திருப்பவருக்கு வேறொரு பொருளும் தந்தது. புறாத்தீவின் வரலாறும் இதனோடு ஒப்பிடத்தக்கது. மாடப்புறாக்களால் பெயர்பெற்ற அத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் முருகைக்கற்களைக் காப்பது அவசியம். அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால், வலையோடு வருபவரை விலக்கும் எல்லைக்குள் கட்டணம் செலுத்தி வந்து முருகைக்கல்லின் மேல் நடப்பவரும் உளர் என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காண்கின்றது. கண்டதைப் பற்றி வாய்திறக்காத பாடத்தை அது எவ்வாறு நம்பும்?

'வனவிலங்குப் பாதுகாப்பு' என்ற கருத்தே எமது நாட்டில் எவ்வாறு உருவானது என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகளுக்கு இலங்கைக் காடு வேட்டைக்களம். 1845இல் இறந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பெருமையோடு பேசப்பட்டது. பெருந்தோட்டங்களுக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. பின்னர் காட்டுக்கு ஆபத்தானவன் யார் எனக் கேட்கப்பட்டபோது, சேனைப் பயிர் செய்த குடியானவனே சுட்டப்பட்டான். யாலையும் வில்பத்துவும் 1938இல் தேசியப் பூங்காக்களாயின. அவை இன்று எமது பொதுச் செல்வம். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வேட்டைக்காரனின் பெயரை மறைத்து விறகு பொறுக்குபவளின் பெயரைச் சொல்லும் வழக்கம் அக்காலத்திலிருந்தே எமது பாடங்களுக்குள் வந்து சேர்ந்துள்ளது.

4

ஆரோக்கிய வாழ்வு பற்றிய எழுத்திலும் இதே நிலையைக் காண்கிறோம். சமநிலை உணவு, முட்டை, பால், மீன், கீரை, குரக்கன் என்ற பட்டியல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானதாகத் தரப்படுகின்றது. சல்லிக் கரையில் அதிகாலையில் இழுக்கப்படும் வலையில் மீன் உண்டு. ஆனால், அறக்குளாவும் கணவாயும் இறாலும் கரையிலேயே நிறுக்கப்பட்டு விடுதிக்கும் கொழும்புக்கும் செல்கின்றன. வலையின் உடைமையாளருக்குரிய பங்கும் செலவும் கழிந்த பின்னரே இழுத்தவர்களுக்குக் கூலிப்பங்கு. புரதம் பிடிக்கப்படும் கரையிலேயே புரதம் குறைந்த வீடுகள் இருப்பது பிள்ளையின் அறியாமையாலன்று.

கூழும் பிட்டும் இருந்த இடத்தில் பாணும் ரொட்டியும் வந்ததற்கும் வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீடும், அதன் பின்னரான கோதுமை இறக்குமதிகளும் அதற்கு வழிவகுத்தன. பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட 1977இல் சிங்கப்பூர் நிறுவனமான பிரிமாவோடு ஒப்பந்தம் செய்யப்பட்டு, 1980இல் திருகோணமலைத் துறைமுகத்தில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை விளையாத நாட்டில் கோதுமை மா அன்றாட உணவானது. ஆலையில் உழைப்போரும் திருகோணமலையின் தொழிலாளரே. மாவைப் பழிப்பதும் எமது நோக்கமன்று. ஒரு பிள்ளை என்ன உண்கின்றது என்பதைத் தீர்மானிக்கும் சக்திகள் அதன் நாவிலோ தாயின் கைப்பக்குவத்திலோ மட்டும் இல்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதத்தை எட்டியது. அம்மாதத்தில் 'தினமும் ஒரு முட்டை உண்போம்' என்ற பாடத்தை ஒப்புவித்த பிள்ளை எதைக் கற்றிருக்கும்? தன் வீட்டில் ஏதோ குறையுள்ளது, தன் தாய்க்கு ஏதோ தெரியவில்லை என்பதைத்தான்.

5

வனவிலங்கு ஒரு பாடத்திலும், உணவு இன்னொரு பாடத்திலும், தொழில் வேறொரு பாடத்திலும் பிரிந்து கிடப்பதே இக்குறைபாடுகளின் அடிப்படை என நாம் கருதுகிறோம். இப்பிரிவினை தமிழ் மரபுக்கு இயல்பானதன்று. தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைக்கின்றது. நெய்தல் நிலத்தின் பறவையும் அந்நிலத்தின் மீனும் அதைப் பிடிப்பவரின் தொழிலும் அவரது இசையும் ஒரே முழுமையின் கூறுகள். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் திணைக் கோட்பாடு பற்றி எழுதிய ஆய்வில், திணைகளைச் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடும் உற்பத்தி முறைகளோடும் தொடர்புபடுத்தி விளக்கினார். இயற்கையை உழைப்பினூடாக நோக்கும் முறை எமது திறனாய்வில் ஏற்கெனவே உண்டு. அதை நாம் பல்கலைக்கழகத்துக்குள் வைத்துக்கொண்டோம், பிள்ளைகளிடம் கொண்டுசெல்லவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்' என்ற பெருமிதத்துக்கு நாம் துணைபோகவில்லை. நெய்தலிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. கரையோரச் சமூகத்தைச் சாதி எவ்வாறு ஒடுக்கியது என்பதும் நாம் அறியாததன்று. அவ்வாறே, உழைப்பவர் கையால் அழிவு நேராது என்பதும் பொய். வெடிவைத்து மீன் பிடிப்பவன் பெரும்பாலும் ஏழையே. அவன் வெடியால் நொறுங்கும் முருகைக்கல் அவன் மகனின் எதிர்காலம். கடனும் போட்டியும் அவனை அவ்விடத்துக்குத் தள்ளுகின்றன என்று விளக்கலாம், விளக்கம் மன்னிப்பாகிவிடாது. பிள்ளைகளுக்கு இதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

முற்போக்குத் தரப்பினரான எமக்கும் இதில் சுயவிமர்சனம் தேவை. இயற்கையை மனிதன் வெற்றிகொள்கிறான் என்ற தொனி எமது கவிதைகளில் நீண்ட காலம் ஒலித்தது. முன்னேற்றப் பதிப்பகம் குறைந்த விலையில் அனுப்பிய அழகிய தமிழ்ச் சிறுவர் நூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறை எம்முடையது. அந்நூல்கள் தந்த மகிழ்ச்சியை நாம் மறக்கவில்லை. ஆனால், அதே நாட்டில் 1960களிலிருந்து பருத்திப் பாசனத்துக்காக ஆறுகள் திருப்பப்பட்டு ஆரல் கடல் வற்றியது. இயற்கை மீதான ஒவ்வொரு வெற்றிக்கும் அது பழிவாங்கும் என்று ஏங்கெல்ஸ் 1876இலேயே எச்சரித்திருந்தார். முதலாளித்துவ விவசாயம் மண்ணையும் உழைப்பாளியையும் ஒருங்கே உறிஞ்சுகின்றது என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் காட்டியிருந்தார். நாம் அவ்விருவரையும் மேற்கோளுக்கு எடுத்தோம், இப்பகுதிகளை விட்டுவிட்டோம்.

6

பிள்ளைகளின் களங்கமற்ற உலகினுள் வர்க்கத்தையும் அரசியலையும் புகுத்துவதா என்ற ஆட்சேபம் எழக்கூடும். சிங்கத்தை அரசனாகவும் கழுதையைச் சுமைதூக்கியாகவும் காட்டிய கதைகள் எக்காலத்திலும் அரசியலற்றவையாக இருந்ததில்லை. பசியும் கடனும் இடப்பெயர்வும் பிள்ளைகளின் உலகினுள் ஏற்கெனவே புகுந்துவிட்டன. எழுத்து மட்டுமே அவற்றைக் காணாததுபோல் நடிக்கின்றது. அதேவேளை, 'மரம் நடு' என்ற ஏவலுக்குப் பதிலாகச் 'சுரண்டலை எதிர்' என்ற ஏவலை எழுதுவதால் பயனில்லை. அது சிவப்பு மையில் எழுதிய நீதிபோதனையே. எமது தரப்பில் வெளிவந்த சிறுவர் பாடல்கள் சில இக்குறைபாட்டுக்கு உட்பட்டவை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஏவல்வினையை மாற்றுவதன்று தேவை, பிள்ளை 'யார்?' எனக் கேட்கும் வினாவாக்கியத்துக்கு இடம் தருவதே தேவை.

அதற்கான முன்னுதாரணங்கள் உள்ளன. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா', சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' ஆகிய சிறுவர் நாடகங்கள், அறிவுரை கேட்கும் பிள்ளையைக் கூடிச் செயற்படும் பிள்ளையாக மேடையில் மாற்றின. அரங்கு கூட்டுச் செயற்பாடு என்பதால் அங்கே 'நீ' என்ற ஏவல் 'நாம்' என்ற தன்மைப் பன்மையாகின்றது. கேரளத்தில் 1962இல் தொடங்கிய சாஸ்திர சாகித்திய பரிஷத் அறிவியலை மக்கள் மொழியில் கொண்டுசென்று, அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் இயக்கத்தில் முன்னின்றது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் வெளியிட்ட 'துளிர்' சிறுவர் இதழ், விடையைவிட வினாவுக்கு மதிப்பளித்தது. எமது அயலிலேயே சம்பூர் உண்டு. 2006இல் போரால் இடம்பெயர்ந்த மக்கள் பல ஆண்டுகளின் பின் மீள வந்த அம்மண்ணில் நிறுவத் திட்டமிடப்பட்ட 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம், எதிர்ப்பின் விளைவாக 2016இல் கைவிடப்பட்டது. நிலம், காற்று, கடல், உடல்நலம், அதிகாரம் ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்த பாடம் அது. கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்து வாழும் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூவருக்கும் ஒரே கடலும் ஒரே காற்றுமே உள்ளன என்பதையும் அப்பாடம் சொல்லும்.

செய்யவேண்டியவை பெரியனவல்ல. காற்றின் பெயரும் மீனின் பெயரும் வலையின் உறுப்புப் பெயரும் ஆரம்ப வாசிப்பு நூலுக்குள் வர வேண்டும். கரையிலிருந்து சந்தைவரை ஒரு மீனைப் பின்தொடர்ந்து, ஒவ்வோரிடத்திலும் அதன் விலையைக் குறித்து வருவது ஒரு செயற்பாடாகலாம். கடையிலிருந்து குப்பைமேடுவரை ஒரு பொலித்தீன் பையைப் பின்தொடர்வது இன்னொன்றாகலாம். முதியோரிடம் கேட்டு 2004இன் நினைவைப் பாட்டாக ஆக்குவது வேறொன்று. எழுத்தாளர் தம் கைப்பிரதியை அச்சுக்குக் கொடுக்குமுன் அதிலுள்ள செயப்பாட்டுவினைகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது எல்லாவற்றிலும் எளிது.

கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல் இதற்கு நல்ல வழிகாட்டி. ஒருவர் முன்பாட, மற்றையோர் பின்பாட, பாட்டின் தாளத்துக்குக் கயிறு கரைக்கு வரும். அங்கே கடலும் மீனும் உழைப்பும் கூட்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இழுப்பவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இன்று பல கரைகளில் உழவு இயந்திரத்தோடு பொருத்திய சுழல்பொறி கயிற்றை இழுக்கின்றது. பாட்டு மெல்ல ஓய்கின்றது. தோள் நோவு குறைவதை நாம் வரவேற்கிறோம். ஆனால், பொறியின் உடைமையாளர் யார், குறைந்த கூலியாட்களின் வீட்டில் என்ன நேர்ந்தது என்ற கேள்விகளைப் பாடப்போகும் புதிய அம்பா எது? அதை எழுதுவதற்கு முன், சல்லியின் அச்சிறுமிக்குத் தெரிந்தவற்றை அவளிடமிருந்து கற்றுக்கொள்ளும் பணிவு எமக்கு வேண்டும்.